ரிசர்வில் ஓடாது விமானம்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டு ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மலைக்குப் போகிற வண்டிகளில் பாதி, ஊரைத் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு பங்க்கில் ஒதுங்கும். "மேல போறீங்களாண்ணா? ஃபுல் பண்ணிக்கோங்க" என்று பங்க் பையனே சொல்வான். குன்னூரில் பங்க் இல்லையா? இருக்கிறது. ஊட்டியில் இல்லையா? அங்கேயும் இருக்கிறது. அப்புறம் ஏன் இங்கே நிரப்புகிறார்கள்? மலையில் மண் சரியும், மரம் விழும், கொண்டை ஊசி வளைவில் லாரி மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் எதுவும் நகராது, போலீஸ்காரர் கோத்தகிரி வழியாகப் போகச் சொல்லிவிடுவார். இதெல்லாம் பார்த்துப் பழகிய டிரைவர், "ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர், அதுக்கு இவ்வளவு லிட்டர் போதும்" என்று கணக்குப் போடுவதில்லை. போக வேண்டிய தூரத்துக்குக் கொஞ்சம், நடக்கக் கூடாதது நடந்தால் அதற்கும் கொஞ்சம் என்றுதான் போடுகிறார்.

அதே ஊரிலிருந்து கிளம்பும் மலை ரயிலும் இதையேதான் செய்கிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பித்த பாதை அது. நீராவி இன்ஜின் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும். எங்கே தண்ணீர் பிடிப்பது என்பதைப் பாதை போட்டவர்களே முடிவு செய்துவிட்டார்கள். டிரைவரின் தைரியத்தை நம்பி அதை விடவில்லை.

இப்போது சமவெளிக்கு இறங்கி வருவோம். இங்கே இன்னொரு ஜாதி இருக்கிறது. பைக் திணறி நிற்கும். குனிந்து குமிழை ரிசர்வுக்குத் திருப்புவார்கள். அதுவும் தீர்ந்தால் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, டேங்க்கின் அந்த மூலையில் இருக்கிற சொட்டை இந்த மூலைக்குக் கொண்டுவந்து, உதைத்துக் கிளப்பி, பங்க் வாசல் வரைக்கும் வந்து சேர்வார்கள். வந்ததும் முகத்தில் ஒரு பெருமை வேறு. "மூணு நாளா ரிசர்வுலதாண்டா ஓட்டறேன்" என்று காலேஜில் சொன்னால் கைதட்டவும் நாலு பேர் உண்டு. புது பைக்குகளில் அந்தக் குமிழே இல்லை. ஆனால் அந்த மனசு அப்படியேதான் இருக்கிறது.

தரையில் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அதிகபட்சம் ஒரு கிலோமீட்டர் தள்ள வேண்டும். இந்த மனசை அப்படியே எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறுகிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எரிபொருள் தீர்ந்து ஒரு சிறு விமானம் விழுந்தால் மறுநாள் பேப்பரில் "விபத்து" என்று போடுகிறார்கள். விதி என்கிறார்கள், எதிர்பாராத காற்று என்கிறார்கள். பறவை மோதினால் விபத்து. நல்ல இன்ஜினின் பாகம் திடீரென உடைந்தால் விபத்து. டேங்க் காலியாவது அந்த வகையில் சேராது. எவ்வளவு ஊற்றினோம், மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்ற இரண்டும் தெரிந்த பிறகு, எப்போது தீரும் என்பது கூட்டல் கழித்தல் கணக்கு. அந்தக் கணக்கைப் போடாமல் விட்டதற்கோ, போட்டுவிட்டு நம்பாமல் விட்டதற்கோ விதி என்று பெயர் வைப்பது மோசடி.

பெரிய விமான நிறுவனங்களில் இந்தக் கணக்கைப் போடத் தனி ஆட்கள் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, மேலே பார்க்க இன்னொரு விமானி உண்டு. சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு நாலு சீட்டு விமானத்தை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அவரே டிஸ்பாட்சர், அவரே கேப்டன், சில நேரம் அவரே முதலாளி. "வேண்டாம், போகாதே" என்று சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் பைக் மனசு உள்ளே வருகிறது.

சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

செஸ்னா 172 எஸ். உலகம் முழுக்கப் பயிற்சிக்கும் சொந்த உபயோகத்துக்கும் பறக்கிற விமானம். அதில் உபயோகிக்கக்கூடிய எரிபொருள் 53 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். மணிக்குச் சுமார் 32 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர். கோவையிலிருந்து விசாகப்பட்டினம் நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர்.

காற்றே இல்லாவிட்டால் நாலரை மணி நேரப் பயணம், 145 லிட்டர் செலவு. டேங்க்கில் 55 லிட்டர் மிச்சம். ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். பிரமாதம்.

ஆனால் மாதம் ஆடி. அம்மியை நகர்த்துகிற காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுற்ற வைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று மேலேயும் பலமாக அடிக்கும். விசாகப்பட்டினம் போகும்போது அது முதுகில் தள்ளும். மணிக்கு 50 கிலோமீட்டர் தள்ளுகிறது என்றால் தரைக்கு மேலே வேகம் 270. மூணே முக்கால் மணி நேரம்கூட ஆகாது, 118 லிட்டரில் போய்ச் சேர்ந்தாயிற்று. இறங்கிப் பார்த்தால் டேங்க்கில் 80 லிட்டருக்கு மேல் இருக்கிறது. ஆசாமிக்கு என்ன தோன்றும்? "ஃபுல் டேங்க் போட்டா தாராளமா வரும்!"

ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கிறது. தரைக்கு மேலே வேகம் 170. பயணம் ஐந்தே முக்கால் மணி நேரத்தைத் தாண்டிவிடும். செலவு 188 லிட்டர். மிச்சம் 12 லிட்டர், அதாவது 22 நிமிடம். ஓடுபாதை வரை ஓட்டிப் போவதற்கும், மேலே ஏறும்போது கூடுதலாகக் குடிப்பதற்கும் ஆன சில லிட்டர் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானம் இறங்கும்போது குறைந்தது 30 நிமிடத்துக்கான எரிபொருள் கையில் இருக்க வேண்டும், இரவில் 45 நிமிடம் என்பது சர்வதேச விதி. ஆக, ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு, ஒரு கோளாறும் இல்லாமல், வழி தவறாமல் வந்தும்கூட இவர் விதியை மீறிவிட்டார். கோவை மேலே மேகம் கவிந்திருந்தால்? ஓடுபாதையில் வேறொரு விமானம் டயர் வெடித்து நின்றால்? சேலமோ திருச்சியோ போக 22 நிமிடம் போதுமா?

இதில் முக்கியமானது, போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஏற்படும் நஷ்டத்துக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பது. ஆகாது. காற்று இல்லாமல் போய் வர 290 லிட்டர். இந்தக் காற்றில் போய் வர 306 லிட்டர். காற்றுக்கு எதிராகப் போகும்போது அதிக நேரம் மேலே இருக்கிறோம், அவ்வளவு நேரமும் இன்ஜின் குடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் "போன தடவ வந்துச்சே" என்கிற ஒரு வார்த்தை இந்த எட்டாம் வகுப்புக் கணக்கைத் தோற்கடித்துவிடுகிறது.

தீர்வு என்ன? வழியில் ஓர் ஊரில் இறங்கி நிரப்பிக்கொள்வது. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தாமதம். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனசு வராமல் போய்ச் சேர்ந்தவர்கள்தான் அதிகம்.

"அதிகமா ஏத்திக்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்களுக்கு அடுத்த கணக்கு. இந்த விமானம் கிளம்பும்போது இருக்கலாம் என்று அனுமதித்திருக்கும் அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானமே சுமார் 760 கிலோ. 200 லிட்டர் எரிபொருள் 144 கிலோ. மிச்சம் 250 கிலோ சொச்சம். ஆள் ஒன்றுக்கு 80 கிலோ என்றால் மூன்று பேர், ஒரு சின்னப் பை. நாலு சீட் இருக்கிறது என்பதற்காக ஃபுல் டேங்க்கோடு நாலு பேர் ஏற முடியாது. ஆனால் கிளம்புகிற நேரத்தில் மாமா வந்து நிற்பார். "நானும் வர்றேன் மாப்ள, ஒரு சீட்டுச் சும்மாதானே கிடக்குது" என்பார். மாமாவிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. என்ன செய்வார்கள்? எரிபொருளைக் குறைப்பார்கள். வாயில்லாப் பொருள் அல்லவா, கோபித்துக்கொள்ளாது. மாமா ஏறிய எடைக்கு நூறு லிட்டருக்கு மேல் இறங்க வேண்டும், அதாவது மூன்று மணி நேரம். அப்படி ஏற்றினால் வழியில் இன்னும் ஒரு தடவை இறங்கி நிரப்புவதாகத் திட்டம் மாற வேண்டும். திட்டம் மாறாமல் மாமா மட்டும் ஏறினால் அது பாசம் இல்லை.

சரி, வழியில் இறங்கி நிரப்பலாம் என்று முடிவு செய்த நல்ல பிள்ளைக்கு இந்தியாவில் என்ன கிடைக்கிறது? இங்கேதான் அரசாங்கத்தையும் எண்ணெய் நிறுவனங்களையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

விமான எரிபொருள் என்றால் எல்லாம் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஜெட் விமானங்கள் குடிப்பது ஜெட் ஏ-1, அது ஒரு வகை சுத்தமான மண்ணெண்ணெய். செஸ்னா போன்ற பிஸ்டன் இன்ஜின் விமானங்கள் குடிப்பது அவ்காஸ் 100 எல்எல், அது பெட்ரோல் ஜாதி. அடையாளம் தெரிய நீலச் சாயம் கலந்திருக்கும். பிஸ்டன் விமானத்தில் அவ்காஸுக்குப் பதில் ஜெட் ஏ-1-ஐ ஊற்றினால் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றுவிடும். ஏர்பஸ்கள் வந்து போகிற விமான நிலையங்களில் எல்லாம் ஜெட் ஏ-1 ஆறாக ஓடுகிறது. அவ்காஸ் அப்படிக் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து, சொல்லி வைத்து, தேவைப்பட்டால் பீப்பாயில் வரவழைத்து வைக்க வேண்டும். 2022 செப்டம்பர் வரைக்கும் இந்தியா இதை முழுக்க இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் இந்தியன் ஆயில் தன்னுடைய வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த அவ்காஸை அறிமுகப்படுத்தியது. நல்ல விஷயம். ஆனால் ஆலையில் தயாராவதும் வழியில் இருக்கிற ஊரில் கிடைப்பதும் ஒன்றல்ல.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் கிளம்பி அகமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரைக்கும் கொண்டுவந்தார். இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். அகமதாபாத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பர்மா ஷெல் கம்பெனியின் பெட்ரோல், நாலு கேலன் டின்களில், மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. நாட்டின் விமானப் போக்குவரத்தே அந்த மாட்டு வண்டியின் மேல்தான் ஏறி வந்திருக்கிறது. விமானம் வருவதற்கு முன்னாலேயே டின் எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதற்குச் சிலை வைக்க மாட்டார்கள்.

2021-ல் அதே அக்டோபர் 15 அன்று, அந்தப் பயணத்தின் நினைவாக ஆரோஹி பண்டிட் பூஜிலிருந்து மும்பை ஜூஹுவுக்கு ஒரு குட்டி விமானத்தில் பறந்தார். ஜிபிஎஸ் இல்லாமல் சுமார் 500 கடல் மைல், 60 லிட்டருக்கும் குறைவான பெட்ரோல். 2019-ல் இதே மாதிரிக் குட்டி விமானத்தில் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டியவர் அவர். நேராக ஒரே தாவலில் தாண்டவில்லை. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று இறங்கி இறங்கித்தான் போனார். எரிபொருள் குறைவாக இருப்பதில் ஆபத்து இல்லை. அந்தக் குறைவுக்குள் பயணத்தை வெட்டிக்கொள்ளாமல் இருப்பதில்தான் ஆபத்து.

வெட்டிக்கொள்ளாதவர்கள் கதையும் இருக்கிறது. பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியா. சொந்த விமானம், லாங் ஈஸி. கிளம்பும் முன் டெக்னீஷியனோடு எரிபொருள் பற்றிப் பேச்சு வந்தது. நிரப்பட்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்றுவிட்டார். ஒரு டேங்க்கிலிருந்து இன்னொரு டேங்க்குக்கு மாற்றும் குமிழ் அந்த விமானத்தில் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. நடுவானில் அதைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாடு இழந்து கடலில் விழுந்தது. அமெரிக்க விசாரணைக் குழு சொன்ன காரணங்களில், கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பாததும் ஒன்று. பைக்கில் குனிந்து ரிசர்வுக்குத் திருப்புகிற அதே வேலைதான். அவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவசாலி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

2016 நவம்பர் 28, கொலம்பியா. சின்ன விமானம் இல்லை, ஆனால் மனசு அதேதான். லமியா என்ற சின்ன சார்ட்டர் கம்பெனி, பிரேசிலின் சாப்பகோயென்ஸ் கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து கிளம்பியது. பயணத் திட்டத் தாளில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். பக்கத்துக் கட்டத்தில் எரிபொருள் தாங்கும் நேரம், அதுவும் 4 மணி 22 நிமிடம்! ரிசர்வ் பூஜ்யம் என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மெடயின் நகரத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால் மலையில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர். வழியில் இறங்கி நிரப்பியிருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டார்களா தெரியாது, அந்தத் தாளில் மட்டும் போட்டிருக்கவில்லை.

இன்னொரு வியாதி, வாய் திறக்காதது. 1990 ஜனவரியில் அவியான்கா விமானம் ஒன்று நியூயார்க் மேலே வட்டமடித்து வட்டமடித்து எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். "முன்னுரிமை வேண்டும்" என்றார்கள், "எரிபொருள் தீர்கிறது" என்றார்கள், "அவசர நிலை" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. இன்றைய விதி தெளிவாக இருக்கிறது. இறங்கும்போது கடைசி ரிசர்வைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிந்த நிமிடமே "மேடே ஃபியூவல்" என்று மூன்று முறை மேடே சொல்லிவிட வேண்டும். 2025 ஜூனில் குவஹாத்தியிலிருந்து வந்த இண்டிகோ விமானம் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திரும்பியபோது அப்படித்தான் சொன்னது. பத்திரமாக இறங்கியது. எரிபொருள் ஏன் அவ்வளவு குறைந்தது என்று விசாரியுங்கள், தப்பில்லை. ஆனால் சொன்னதையே கேவலமாகப் பேசினால் அடுத்த ஆள் சொல்லாமல் விழுவான். பயிற்சி முடித்து மூன்று மாதமான பையன் ஒருவன், கண்ட்ரோல் டவரில் இருக்கும் பெரியவரிடம் "சார், பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்று சொல்லக் கூச்சப்படுவான். அந்தக் கூச்சத்தை வளர்த்தது யார்? மூணு நாள் ரிசர்வில் ஓட்டியவனுக்குக் கைதட்டிய அதே கூட்டம்தான்.

இதெல்லாம் எங்கோ நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்திலிருந்து பைலட் ஆகும் கனவோடு கிளம்புகிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். சேலத்திலேயே பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய சிறு பயிற்சி விமானம் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் நார்த்தாமலை பக்கம் நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்த இருவருக்கும் ஆபத்தில்லை. இன்ஜின் கைவிட்டால் சிறு விமானத்துக்குக் கிடைப்பது இதுதான், ஒரு ரோடு அல்லது ஒரு காடு, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். கோளாறுக்காக அப்படி இறங்கியவரைக் கும்பிடலாம். டேங்க் காலியாகி இறங்குகிறவரை என்ன சொல்வது? வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 300 கடல் மைல் நீளப் பயணம் ஒன்றும் உண்டு. கணக்கு பழக வேண்டிய இடம் அது.

பழக வேண்டியது கொஞ்சம்தான். டேங்க்கில் எவ்வளவு என்பதைக் கடிகார முள்ளிடம் கேட்காமல், லாரி டிரைவர் டீசல் டேங்க்கில் குச்சி விட்டுப் பார்ப்பது போல அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பது. லிட்டரா, கேலனா, பவுண்டா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பது. 1983-ல் ஏர் கனடாவின் பெரிய போயிங்கே கிலோவுக்குப் பதில் பவுண்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பி, நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் சறுக்கி இறங்கியது. பிறகு லிட்டரை நிமிடமாக மாற்றிக்கொள்வது. 12 லிட்டர் என்றால் மனசுக்கு ஏதோ இருக்கிற மாதிரி தெரியும், 22 நிமிடம் என்றால்தான் வயிறு கலங்கும். வழியில் "இந்த இடத்தைத் தாண்டும்போது இவ்வளவு இல்லையென்றால் இன்ன ஊரில் இறங்குவேன்" என்று தரையிலேயே எழுதி வைத்துக்கொள்வது. மேலே போன பிறகு பேரம் பேசக் கூடாது. கடைசியாக, ரிசர்வ் என்பதை டேங்க்கில் இருக்கிற எரிபொருளாகவே எண்ணக் கூடாது. அது செலவழிக்க வைத்த காசு இல்லை. தொடாமல் திரும்பக் கொண்டுவந்தால்தான் பயணம் சரியாக முடிந்தது என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு "இப்படிப் பயந்தா பறக்கவே முடியாது" என்று பின்னூட்டம் போட ஒருவர் வருவார். அவர் அடுத்த தடவை ஊட்டி போகும்போது மேட்டுப்பாளையத்தில் நிரப்பாமல் போகட்டும், பார்க்கலாம். போக மாட்டார் :-)